துண்டு போடலாம், வேலி போடலாமா?



இந்தப் பதிவு ஒரு நிலத் தகராறு பத்தி. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ் எதுவும் இல்லாத நிலம். நாலஞ்சு நாளைக்குத்தான் அது நமக்கு. அந்த நாலஞ்சு நாளுக்குள்ள நடக்கற ஆக்கிரமிப்பு இருக்கே, நம்ம ஊர் ரியல் எஸ்டேட் ஆளுங்களே வந்து பாடம் படிக்கணும் :-)

விஷயம் இதுதான். இங்கிலாந்துல கோடையில நடக்கற இசை விழாக்களுக்கு நான் சில வருஷமா போய்ட்டு வர்றேன். அங்கே பெரும்பாலானவங்க ஹோட்டல்ல தங்கறதில்லை. புல்வெளியில அவங்கவங்க கூடாரம் அடிச்சுத் தங்கறாங்க. முதல்ல போறவங்க, பின்னாடி வரப்போற நண்பர்களுக்காக இடம் பிடிச்சு வைக்கிறாங்க. அப்படிப் பிடிக்கலாமா, கூடாதா? பிடிக்கலாம்னா எவ்வளவு இடம், எதுவரைக்கும்? கேக்கறதுக்குச் சின்ன விஷயமாத் தெரியும். ஆனா ஒவ்வொரு விழாவிலயும் முதல் சண்டை இதுக்குத்தான் வருது. எனக்கு இதுல அழுத்தமா ஒரு கருத்து உண்டு. கொஞ்சம் நீளமான பதிவு, டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்ல களத்தைப் பாத்துடுவோம்

இசை விழான்னதும் மார்கழி சபா, மெத்து நாற்காலி, கேன்டீன் ரவா தோசைன்னு நினைச்சுடாதீங்க. இங்கே விழான்னா மாடு மேயற நிலம். கிளாஸ்டன்பரி விழாவையே எடுத்துக்குவோம். சோமர்செட்ல பில்டன்னு ஒரு கிராமம், அங்கே வொர்த்தி பண்ணைன்னு ஒரு பால் பண்ணை. 1970 செப்டம்பர் 19-ஆம் தேதி, அதாவது ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இறந்த மறுநாள், பண்ணைக்காரர் மைக்கேல் ஈவிஸ் முதல் விழாவை நடத்தினார். டிக்கெட் ஒரு பவுண்டு. பண்ணைப் பால் இலவசம். வந்தவங்க சுமார் 1,500 பேர். இப்போ பாடறவங்க, வேலை செய்யறவங்க எல்லாரையும் சேத்தா இரண்டு லட்சம் பேர் கூடற இடம். அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவை புல்லும் மண்ணும் தேறட்டும்னு விழாவையே நிறுத்தி நிலத்துக்கு ஓய்வு குடுக்கறாங்க. 2018 அப்படி ஒரு வருஷம், 2026-உம் அப்படித்தான்.

2025-ல டிக்கெட் விலை 373.50 பவுண்டு, முன்பதிவுக் கட்டணம் 5 பவுண்டு தனி. கூடாரம் அடிக்கற இடமும் அதுக்குள்ளயே அடக்கம். ஆனா டிக்கெட்டுல இட எண் கிடையாது. வந்தவங்க வந்த வரிசையில, பிடிச்ச இடத்துல அடிச்சுக்கலாம். வங்கியில பெரிய வேலை பாக்கறவரும் கடையில மூட்டை தூக்கற பையனும் இந்த ஒரு விஷயத்துல சரிசமம். பணம் அதிகம் இருக்கறதால மட்டும் புல்வெளியில நல்ல இடம் வந்துடாது. சீக்கிரம் வந்தாத்தான் வரும். எனக்கு இந்த விழாக்கள்ல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். மேல படிக்கும்போது இதை மனசுல வெச்சுக்குங்க.

கிளாஸ்டன்பரியில கேட் புதன்கிழமை காலையில திறக்கும். பெரிய மேடையில கச்சேரி ஆரம்பிக்கறது வெள்ளிக்கிழமை. அப்புறம் எதுக்குய்யா புதன்கிழமையே முதுகுல மூட்டையோட வரிசையில நிக்கறாங்க? பாதி வேடிக்கைக்கு. மீதி நிலத்துக்கு!

நிலத்துல என்ன வித்தியாசம்னு கேக்கறவங்க ஒரு தடவை பள்ளத்துல கூடாரம் அடிச்சுப் பாருங்க. நல்ல இடம்னா மேடா இருக்கணும், ஆனா சரிவா இருக்கக் கூடாது. சரிவா இருந்தா ராத்திரி உருண்டு கூடாரத்தோட ஒரு மூலைக்குப் போய்டுவீங்க. கழிப்பறை பக்கத்துலயும் இருக்கக் கூடாது, ரொம்ப தூரத்துலயும் இருக்கக் கூடாது. நடைபாதை ஓரமா இருந்தா ராத்திரி ரெண்டு மணிக்குத் தள்ளாடிக்கிட்டு வர்றவங்க உங்க கயித்துல தடுக்கி உங்க மேலயே விழுவாங்க. எல்லாத்துக்கும் மேல மழை. 2005-ல கிளாஸ்டன்பரியில வெள்ளிக்கிழமை காலையில இடியோட கொட்டின மழையில பள்ளத்துல இருந்த கூடாரங்கள் தண்ணியில முழுகிடுச்சு. ஜூன் மாச இங்கிலாந்துல இது ஒண்ணும் அதிசயம் இல்லை. அதனால எங்கே படுக்கறோங்கறது வெறும் சொகுசு சமாச்சாரம் இல்லைங்க. நாலு நாள் காய்ஞ்ச துணியில தூங்கறமா, இல்லையாங்கறதே அதுல இருக்கு.

கொஞ்சம் கணக்கு

ரெண்டு பேர் படுக்கற சாதாரண கூடாரத்துக்கு, கயிறு, முளை, பக்கத்துல நடக்க வழி எல்லாம் சேத்து மூணு மீட்டருக்கு நாலு மீட்டர் வேணும்னு வெச்சுக்குவோம். 12 சதுர மீட்டர். பத்து கூடாரம்னா 120 சதுர மீட்டர். நம்ம கணக்குல ஒரு சென்ட்ங்கறது 40 சதுர மீட்டரும் கொஞ்சமும். ஆக, ரெண்டு பசங்க காலையில வந்து "எங்க ஃப்ரெண்ட்ஸ் பத்து கூடாரம் வருது"ன்னு சுத்தி டேப் கட்டினா, அது மூணு சென்ட் நிலம். சென்னைக்குப் பக்கத்துல மூணு சென்ட் வாங்க நாம என்ன பாடு படறோம்! இங்கே சிவப்பு டேப் ஒரு ரோல் போதும்.

பிடிக்கிற விதம் பலது. டேப் கட்டறது ஒண்ணு. தார்ப்பாயை விரிச்சு நாலு மூலையிலயும் பியர் பெட்டி வைக்கறது இன்னொண்ணு. காலிக் கூடாரத்தைத் தள்ளித் தள்ளி அடிச்சு நடுவுல பெரிய முற்றம் விடறது மூணாவது. நாலாவதுதான் கெட்டிக்காரத்தனம். நாலு கால் பந்தல் ஒண்ணைப் போட்டு, "இது எங்க வரவேற்பறை"ம்பாங்க. அந்த வரவேற்பறையில நாலு கூடாரம் அடிக்கலாம்.

துண்டுக்கும் சட்டம் உண்டு

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் அதான் வந்துச்சு. பஸ் இன்னும் நிக்கவே இல்லை, அதுக்குள்ள ஜன்னல் வழியா துண்டு, கர்சீப், கூடை, சில சமயம் குழந்தை :-) துண்டு போட்டு இடம் பிடிக்கறதுல நாம டாக்டர் பட்டம் வாங்கினவங்க. கல்யாணப் பந்தியில சாப்பிடறவர் நாற்காலிக்குப் பின்னாடி அடுத்தவர் நிக்கறதைப் பாத்து வெள்ளைக்காரங்க மிரண்டு போவாங்க. பாயசம் குடிச்சு முடிக்கறதுக்குள்ள நாற்காலி கை மாறிடும்.

ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நம்ம துண்டுக்கு எழுதப்படாத சட்டம் இருக்கு. துண்டு போட்டவர் கண்ணுக்கெட்டற தூரத்துல, படிக்கட்டுல முண்டிக்கிட்டு இருப்பார். ரெண்டு நிமிஷத்துல வந்து உட்காரணும். வண்டி கிளம்பியும் ஆள் வரலேன்னா துண்டுக்கு மதிப்பு போச்சு, யாராவது எடுத்து மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவாங்க. ஒரு துண்டுக்கு ஒரு சீட்டு, மிஞ்சினா ரெண்டு. மூணு சீட்டுக்கு ஒருத்தர் உரிமை கொண்டாடினா பஸ்ஸே சேர்ந்து சத்தம் போடும். கைக்குழந்தையோட ஒரு அம்மா நின்னாங்கன்னா, "என்னங்க, துண்டுக்கு இடம் வேணும், புள்ளக்காரிக்கு வேணாமா?"ன்னு பின்னாடியிலேருந்து ஒரு பாட்டி குரல் குடுப்பாங்க. துண்டு உடனே எழுந்துக்கும்.

ஆக, துண்டு நமக்குப் பொருந்தி வர்றதுக்குக் காரணம் மூணு: ஆள் பக்கத்துல இருக்கார், நேரம் கொஞ்சம், இடம் கொஞ்சம். இந்த மூணுல எது போனாலும் துண்டு வேலியாயிடும். புல்வெளியில நடக்கறது அதான். துண்டு போட்ட ஆள் இங்கே, சீட்டுக்கு வரவேண்டியவர் லீட்ஸ்ல ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கார். வர்றது நாளைக்கு மறுநாள். பிடிச்சிருக்கறது மூணு சென்ட்.

நான் பாத்த ஒரு வியாழக்கிழமை

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு விழா. பேர் வேண்டாம். நானும் ரெண்டு நண்பர்களும் புதன்கிழமையே போய் மேட்டுல அடிச்சுட்டோம். எங்களுக்கு எதிர்ல ரெண்டு பசங்க. வயசு இருபது இருக்கும். டேப் கட்டி ஒரு பெரிய சதுரம். நல்ல பசங்கதான், எங்களுக்கு முளை அடிக்க சுத்தியல் கூடக் குடுத்தாங்க. ராத்திரி சதுரத்துக்குள்ள ரெண்டு கூடாரம்தான் இருந்துச்சு.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மைதானம் நிறைஞ்சு போச்சு. ஒருத்தர் ரெண்டு குழந்தைகளோட வந்தார். மூத்தது பொண்ணு, எட்டு வயசு இருக்கலாம். சின்னவன் தள்ளுவண்டியில மூட்டைக்கு மேல தூங்கறான். கேட்லேருந்து ஒரு மணி நேரமா இடம் தேடி நடந்திருக்கார். காலியா இருந்த சதுரத்தைப் பாத்ததும் அவர் முகத்துல வந்த சந்தோஷத்தை நீங்க பாத்திருக்கணும். "இங்கே ஒரு ஓரமா அடிச்சுக்கலாமா?"ன்னார். "சாரிங்க, ஆள் வராங்க"ன்னான் ஒரு பையன். "எத்தனை மணிக்கு?" "இதோ, வந்துக்கிட்டே இருக்காங்க." அவர் ஒண்ணும் சொல்லலை. இங்கிலீஷ்காரங்க இந்த மாதிரி நேரத்துல சண்டை போட மாட்டாங்க. "பரவாயில்லை, பரவாயில்லை"ன்னுட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போய்ட்டார்.

என் நண்பர் எங்க கூடாரத்துக்கும் பக்கத்துக் கூடாரத்துக்கும் நடுவுல அளந்து பாத்தார். நாலு பேர் படுக்கற அவர் கூடாரம் அதுல நுழையாது. கடைசியில அவருக்குக் கிடைச்சது கீழே கழிப்பறை வரிசைக்குப் பக்கத்துல, ஓடை ஓரம். ராத்திரி பன்னெண்டு மணிக்கு மழை பிடிச்சுது. காலையில நான் பல் விளக்கப் போனப்போ அந்த மனுஷன் ஈரமான தூக்கப் பைகளைப் பிழிஞ்சுக்கிட்டு இருந்தார். அந்தப் பொண்ணு குப்பைத் தொட்டி மேல உட்கார்ந்து பிஸ்கட் தின்னுக்கிட்டு இருந்துச்சு. மத்தியானம் நான் அந்தப் பக்கம் போனப்போ கூடாரம் அங்கே இல்லை. வீட்டுக்குக் கிளம்பிட்டாங்கன்னு பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க.

சதுரத்துக்கு ஆள் வந்தாங்களா? வந்தாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு. நாலு கூடாரம். மீதி நாலு பேருக்கு லீவு கிடைக்கலையாம். பிடிச்சு வெச்சதுல பாதி இடம் ஞாயித்துக்கிழமை வரைக்கும் பந்து விளையாடற மைதானமாவே இருந்துச்சு. அந்தப் பசங்க கெட்டவங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நண்பனுக்கு உதவறோம்னுதான் அவங்க நினைச்சாங்க. ஆனா கூட இல்லாத நண்பனுக்குக் காட்டின விசுவாசம், எதிர்ல நின்ன குழந்தையை மழையில படுக்க வெச்சுடுச்சு. எனக்கு இதுதான் கணக்கு உதைக்குது.

அப்போ இடமே பிடிக்கக் கூடாதா?

"அதான் சொல்றேன், சேர்ந்து வந்தா சேர்ந்து தங்கு, தனியா வந்தா தனியா தங்கு. அவ்வளவுதான்"னு ஒரு கட்சி இருக்கு. கேக்கறதுக்கு நியாயமா இருக்கும். அமெரிக்காவுல டென்னஸி மாநிலத்துல 2002-லேருந்து நடக்கற பானரூ விழாவுல முறையே அதுதான். அங்கே காரோட உள்ளே போய், கார் பக்கத்துலயே கூடாரம். கார்களை வர்ற வரிசைப்படி அடுத்தடுத்து நிறுத்திடுவாங்க. நண்பன் பக்கத்துல தங்கணும்னா அவன் காருக்குப் பின்னாடியே உன் கார் வரணும். அதனால கூட்டாளிங்க வெளியில ஏதாவது ஒரு கடை வாசல்ல ஒண்ணு கூடி, கல்யாண வீட்டு வண்டி மாதிரி வரிசையா உள்ளே போறாங்க. டேப்புக்கு வேலையே இல்லை.

நல்ல ஏற்பாடுதான். ஆனா என்னால முழுசா ஒத்துக்க முடியலை. காரணம் எங்க கோஷ்டியில இருக்கற ஒரு அக்கா. நாகர்கோவில் பக்கத்துக்காரங்க. இங்கே ஆஸ்பத்திரியில நர்ஸ். ஒரு வருஷம் அவங்களுக்கு வியாழக்கிழமை காலை வரைக்கும் நைட் டூட்டி. போன்ல சொன்னாங்க: "மக்கா, நான் டூட்டி முடிச்சு, கொஞ்சம் கண்ணசந்து, பஸ் புடிச்சு வாறதுக்கு ராத்திரி ஆயிரும். தெரியாத கூட்டத்துக்கு நடுவுல தனியா கூடாரம் அடிச்சுக் கிடக்க என்னால ஆகாது. உங்க பக்கத்துல இடம் உண்டுன்னா வாறேன். இல்லன்னா நீங்க போயிட்டு வாங்க."

அந்த அக்கா சொன்னதுல என்ன தப்பு? சீக்கிரம் வர்றவனுக்கே நல்ல இடம்ங்கற சட்டம் பாக்கறதுக்கு சமத்துவமா இருக்கு. ஆனா புதன்கிழமை காலையில வர முடியறது யாருக்கு? லீவு கிடைக்கறவனுக்கு, மாணவனுக்கு, என்னை மாதிரி கம்ப்யூட்டரைத் தட்டறவனுக்கு. நைட் டூட்டி பாக்கற நர்ஸ், பஸ் ஓட்டறவர், சமையல்கட்டுல வேலை பாக்கறவர் இவங்களால முடியாது. பெண்கள் தெரிஞ்சவங்க பக்கத்துல தங்கணும்னு நினைக்கறது அடம் இல்லைங்க, பாதுகாப்பு. அதனால இடம் பிடிக்கறதே பாவம்னு சொல்ற கட்சியில நான் இல்லை.

நாங்க என்ன பண்ணினோம்னா, செவ்வாய்க்கிழமையே அக்கா வீட்டுக்குப் போய் அவங்க கூடாரத்தை வாங்கிட்டு வந்து, எங்களோடதோட சேத்து புதன்கிழமை அடிச்சுட்டோம். உள்ளே அவங்க தூக்கப் பையையும் வெச்சாச்சு. பக்கத்துல இருந்தவங்க, "இது யாரோடது?"ன்னு கேட்டாங்க. "நர்ஸ், நைட் டூட்டி, நாளைக்கு ராத்திரி வருவாங்க"ன்னோம். ஒருத்தர் கூட முகம் சுளிக்கலை. அடுத்த நாள் ராத்திரி அக்கா வந்தப்போ அந்தப் பக்கத்துக் கூடாரத்துக்காரம்மா டீ போட்டுக் குடுத்தாங்க.

அந்தச் சதுரத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுமே ஆள் இல்லாத இடம்தான். ஆனா இங்கே ஒரு ஆள், ஒரு கூடாரம், தெரிஞ்ச காரணம், தெரிஞ்ச நேரம். கூடாரம் எவ்வளவோ அவ்வளவுதான் இடம். டேப் அப்படி இல்லை, எவ்வளவு வேணும்னாலும் நீளும். என் கருத்தோட சாரம் இதுதான் மக்களே: பொருளை வெச்சுப் பிடி, எல்லையை வெச்சுப் பிடிக்காதே. தூக்கிட்டு வந்து அடிக்கற கூடாரத்துக்கு உன் முதுகு ஒரு அளவு வெச்சிருக்கு. டேப்புக்கு ஆசைதான் அளவு.

சட்டம் போட்டா சரியாயிடாதா?

விழா நடத்தறவங்களே பாத்துக்கட்டுமேன்னு சிலர் சொல்றாங்க. டென்மார்க்ல 1971-லேருந்து நடக்கற ரோஸ்கில்டே விழாவுல, கூடார மைதானம் திறந்ததும் கூட்டமா ஓடி இடம் பிடிக்கறது ரொம்பப் பிரசித்தம். அங்கேயே சில பகுதிகளை மட்டும், குழுவா முன்கூட்டிப் பதிஞ்சுக்கிட்டு வர்றவங்களுக்கு ஒதுக்கி வைக்கறாங்க. பதிலுக்கு, இடத்தைச் சுத்தமா வெச்சுக்கறோம்னு குழு ஒத்துக்கணும். இது எனக்குப் பிடிச்சிருக்கு. இடமும் கிடைக்குது, பொறுப்பும் கூடவே வருது.

ஆனா எல்லா மூலைக்கும் காவல் போட முடியாது. மஞ்சள் சட்டை போட்ட தன்னார்வலர்களுக்கு தீயணைப்பு வண்டி போற பாதையை யாரும் அடைச்சுடாம பாக்கறதுக்கே நேரம் சரியா இருக்கு. மூணு சென்ட் பஞ்சாயத்துக்கு அவங்களைக் கூப்பிட்டா பாவம்.

இன்னொரு வழியும் இருக்கு. எனக்கு அதான் பயம். அது காசு. வெளிநாட்டுக் கடற்கரை ஹோட்டல்கள்ல நீச்சல் குளத்துப் பக்கத்துல சாய்வு நாற்காலி போட்டிருப்பாங்க. விடிகாலையிலயே துண்டு போட்டு வெச்சுட்டு சாப்பிடப் போய்டறவங்களைப் பத்தி, முக்கியமா ஜெர்மன்காரங்களைக் கிண்டல் பண்ணி, இங்கிலீஷ் பத்திரிகைகள் எவ்வளவோ வருஷமா எழுதிக்கிட்டு இருக்கு (நம்ம துண்டுதான், உலகம் பூரா போயிருக்கு!). 2018-ல தாமஸ் குக் நிறுவனம் என்ன பண்ணுச்சுன்னா, சில ஹோட்டல்கள்ல அந்த நாற்காலியை முன்கூட்டியே காசு குடுத்து ஒதுக்கிக்கலாம்னு அறிவிச்சுது. மனுஷங்க தங்களுக்குள்ள தீத்துக்காத ஒரு மரியாதைப் பிரச்சினை, விலைப் பட்டியலுக்குள்ள போயிடுச்சு. அடுத்த வருஷமே அந்த நிறுவனம் திவாலானது வேற கதை.

விழாக்கள்லயும் கூடுதல் காசுக்கு முன்கூட்டியே அடிச்சு வெச்ச கூடாரம் கிடைக்குது. கிளாஸ்டன்பரியில வொர்த்தி வியூன்னு ஒரு பகுதி இருக்கு. வயசானவங்க, குழந்தைக்காரங்க, தூக்கிச் சுமக்க முடியாதவங்க அங்கே போறதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா சாதாரணப் புல்வெளியில நாம ஒருத்தரை ஒருத்தர் டேப் கட்டித் துரத்தினா, அந்தக் குழந்தைகளோட வந்த அப்பா மாதிரி ஆளுங்க என்ன நினைப்பாங்க? "அடுத்த தடவை கடன் வாங்கியாவது காசு குடுத்த இடத்துக்குப் போயிடணும்." கேக்கறவங்க அதிகமானா விக்கறவங்களும் அதிகமாவாங்க. அப்படியே வருஷா வருஷம் காசு குடுத்த நிலம் பெருசாகி, எல்லாரும் சமமா இருக்கற புல்வெளி சுருங்கிப் போகும்னு எனக்குத் தோணுது. பணத்துக்கு மசியாத ஒரு துண்டு நிலத்தை நாமளே கெடுத்துக்கணுமா?

சரி, என்னதான் பண்ணலாம்ங்கறே?

நான் கடைப்பிடிக்கற விதிகள் இதோ. நாட்டாமை தீர்ப்பு இல்லை, வேணும்னா எடுத்துக்குங்க.

1. ஒரு ஆளுக்கு ஒரு ஆள். நேர்ல வந்திருக்கறவர் ஒருத்தர், வராத ஒருத்தருக்கு மட்டும் இடம் பிடிக்கலாம். ரெண்டு பேர் வந்து பத்து கூடாரத்துக்குப் பிடிக்கறது ஆக்கிரமிப்பு.

2. கூடாரத்தை அடிச்சுப் பிடிங்க. டேப், கயிறு, பியர் பெட்டி, பந்தல் எதுக்கும் செல்லுபடி கிடையாது. வரப்போறவரோட கூடாரத்தை முன்னாடியே வாங்கிட்டு வந்துடுங்க. அதைச் சுமக்கற அளவுக்கு நட்பு இல்லேன்னா இடம் பிடிக்கற அளவுக்கும் நட்பு இல்லைன்னு அர்த்தம் :-)

3. கூடாரம் கையில இல்லாம பிடிச்ச வெறும் இடத்துக்கு அன்னைக்கு இருட்டற வரைக்கும்தான் ஆயுள். ஜூன் மாசத்துல இங்கே இருட்ட ராத்திரி பத்து மணி ஆகும். தாராளமான நேரம்தான். அதுக்கப்புறம் யார் கேட்டாலும் குடுத்துடணும்.

4. மைதானம் பாதி காலியா இருக்கறப்போ நீங்க என்ன வேணா விரிச்சு வெச்சுக்குங்க, யாருக்கும் நஷ்டம் இல்லை. நிறைய ஆரம்பிச்சதும் நீங்களே சுருக்கிக்கணும். யாராவது வந்து கேக்கற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

5. குழந்தையோட வர்றவங்க, தனியா வர்ற பெண், நடக்கச் சிரமப்படறவங்க எதிர்ல வந்து நின்னா, உங்க வராத நண்பனை விட அவங்களுக்குத்தான் உரிமை. நம்ம பஸ் பாட்டி சொன்ன சட்டம்தான்.

6. நண்பனோட ரயில் தப்பிப் போச்சா, லீவு கிடைக்கலையா? கேள்விப்பட்ட அடுத்த நிமிஷமே அக்கம்பக்கத்துல, "இங்கே ஒரு இடம் இருக்கு, வாங்க"ன்னு சொல்லிடணும். பந்து விளையாட வெச்சுக்கக் கூடாது.

கேக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. டேப்பைப் பாத்ததும் பிச்சு எறியாதீங்க. அது சண்டையில போய் முடிஞ்சு, நாலு நாளும் முகத்தைத் திருப்பிக்கிட்டு பக்கத்துப் பக்கத்துல தூங்கணும். "எத்தனை பேர் வராங்க, எத்தனை மணிக்கு?"ன்னு ரெண்டே கேள்வி கேளுங்க. உண்மையா ஆள் வர்றவங்க டக்குனு பதில் சொல்லுவாங்க. இழுக்கறவங்க கிட்ட, "சரி, எட்டு மணிக்குத் திரும்பி வந்து பாக்கறேன், அப்பவும் காலியா இருந்தா இந்த மூலையை எடுத்துக்கறேன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க. இங்கிலீஷ்காரங்களுக்கு முகத்துக்கு நேரா மறுக்கறதுன்னா தூக்குத் தண்டனை மாதிரி. நம்ம ஆளுங்க யாராவது ஒருத்தர் அந்த பஸ் பாட்டி வேலையைப் பாக்கணும். அன்னைக்கு அந்த மனுஷனுக்காக ஒரு குரல் எழும்பியிருந்தா அந்தப் பசங்களே டேப்பை நகத்தியிருப்பாங்கன்னுதான் நான் இன்னும் நம்பறேன்.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய பதிவா?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: ஆமாங்க, சின்ன விஷயம்தான். மூணு மீட்டருக்கு நாலு மீட்டர். ஆனா எந்தப் போலீசும் எந்தப் பத்திரமும் இல்லாம ஒரு லட்சத்துக்கு மேல ஜனங்க தங்களுக்குள்ளயே நிலத்தைப் பங்கு போட்டுக்கற இடம் இன்னைக்கு உலகத்துல எத்தனை இருக்கு? பெரும்பாலும் அது நல்லபடியாவே நடக்குதுங்கறதுதான் ஆச்சரியம். அந்த ஆச்சரியம் நிலைக்கணும்னுதான் புலம்பறேன்.

உங்க அனுபவம் என்ன? பஸ், பந்தி, சபா, கோயில் திருவிழா எங்கேயாவது துண்டு போட்டு மாட்டிக்கிட்ட கதை, துண்டை எடுத்து மாட்டிக்கிட்ட கதை இருந்தா பின்னூட்டத்துல கொட்டுங்க. இடம் பிடிக்கறதுல தப்பே இல்லைன்னு நினைக்கறவங்களும் வாங்க, கும்மிடலாம்.

பி.கு: விழா முடிஞ்சதும் கூடாரத்தைக் கழட்டி எடுத்துக்கிட்டு வந்துடுங்க சாமிகளா. திங்கட்கிழமை காலையில அப்படியே விட்டுட்டுப் போற கூடாரங்களையும், மண்ணுக்குள்ள மறந்துட்டுப் போற முளைகளையும் பொறுக்கறதுக்குன்னே தனியா ஆளுங்க வேலை பாக்கறாங்க. அந்தப் புல்லை அப்புறம் மாடு மேயணும். ஒரு முளை புல்லோட மாட்டு வயித்துக்குள்ள போனா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.